பழைய ஆர்சி வண்டியை மறுபடியும் மண்ணில் இறக்க: முதல்முறை கைவைப்பவர்களுக்கு

பரணில் கிடக்கும் பழைய ரிமோட் காரை இறக்கித் தூசி தட்டிப் பார்ப்பவர்களுக்கு வரும் முதல் கேள்வி, இது இனிமேல் ஓடுமா என்பது. 1980களில் வந்த ஆஃப்ரோடு, அதாவது மண்ணில் ஓடும், ஆர்சி கார் என்றால் பெரும்பாலும் ஓடும். ஏன் ஓடும், எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது, ஓட வைத்தபின் பந்தயத்தில் விடுவது எப்படி என்று இந்தப் பக்கம் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன். கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வேலையில் சில வசதிகள் உண்டு. அதையும் நடுநடுவே சொல்கிறேன்.

ஆர்சி என்றால் ரேடியோ கன்ட்ரோல். தேர்த் திருவிழாக் கடையில் விற்கும் ரிமோட் காரும் அதுதான் என்றாலும், நாம் பேசும் வண்டி வேறு ஜாதி. பொம்மைக் காரில் எல்லாமே ஒரே சர்க்யூட் போர்டில் தொங்கும். அது புகைந்தால் வண்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஹாபி கார் பெட்டியில் உதிரிகளாக வரும், வாங்கியவரே உட்கார்ந்து பூட்ட வேண்டும். மோட்டார் தனி, முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோ தனி, ரிசீவர் தனி. சின்ன வாஷருக்குக்கூட பார்ட் நம்பர் இருக்கும். திருப்புளியால் பூட்டியதைத் திருப்புளியாலேயே பிரித்துவிடலாம். நாற்பது வருடம் கழித்தும் இந்த வண்டிகளை மீட்க முடிவது இதனால்தான்.

அளவு பெரும்பாலும் பத்தில் ஒன்று, அதாவது நிஜ வண்டியின் பத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய ஒரு முழ நீளம், ஒன்றரைக் கிலோ எடை, 7.2 வோல்ட் பேட்டரி. தரையைத் தொடாத அளவுக்கு உயரம், முள் வைத்த டயர், துள்ளும் சஸ்பென்ஷன். தார் ரோட்டுக்குச் செய்யப்பட்ட வண்டிகளும் உண்டு. அவை இந்தக் கட்டுரைக்கு வெளியே.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கையில் இருப்பது எந்தக் காலத்து வண்டி என்று தெரிந்தால்தான் வேலையைத் திட்டமிட முடியும். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1976இல் தன் முதல் மின்சார ஆர்சி காரை விட்டது. அது போர்ஷே 934, சாலை வண்டி. மண்ணில் ஓடும் வண்டிகள் 1979இல் வந்தன: ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர். இரண்டிலும் சஸ்பென்ஷன் உலோக வார்ப்பு, ரேடியோவுக்குத் தண்ணீர் புகாத பெட்டி. அழகான வண்டிகள், ஆனால் கனம். 1982இல் இன்னொரு ஜப்பான் நிறுவனமான கியோஷோவின் ஸ்கார்ப்பியன் வந்தது. 1984 முக்கியமான வருடம். டமியாவின் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் அந்த வருடம்தான் வந்தன. விலை குறைவு, பூட்டுவது சுலபம் என்பதால் உலகம் முழுக்கப் பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்தன. அதே வருடம் அமெரிக்காவில் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி10 என்ற வண்டியை விட்டது. தங்க நிற அலுமினியச் சேஸி (வண்டியின் அடிச்சட்டம்), நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் ஷாக் அப்சார்பர். பந்தயத்துக்காகவே பிறந்த வண்டி. மறு வருடம், 1985இல், கலிபோர்னியாவின் டெல் மார் நகரில் பத்தில் ஒன்று மின்சார ஆஃப்ரோடு கார்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. இருசக்கர இழுவைப் பிரிவில், அதாவது மோட்டார் இரண்டு சக்கரத்தை மட்டும் சுற்றும் வண்டிகளில், ஜே ஹால்சி ஆர்சி10 ஓட்டி ஜெயித்தார். நாற்சக்கர இழுவையில் டமியாவின் ஹாட்ஷாட்டும், செயின் வைத்து ஓடும் கியோஷோவின் ஆப்டிமாவும் வந்ததும் அதே 1985இல்தான்.

பொதுவாக 1979 முதல் 1990களின் தொடக்கம் வரை வந்தவற்றை விண்டேஜ் என்கிறார்கள். அந்தக் காலத்தில் நம் ஊர்க் கடையில் இவற்றை வாங்குவது நடக்காத காரியம். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்த சித்தப்பா, மாமா பெட்டியில் வந்தவைதான் அதிகம். அதனால் இங்கே கிடைக்கும் பழைய வண்டிகளுக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு: அதிகம் ஓடியிருக்காது. பேட்டரி செத்ததும் மாற்று கிடைக்காமல் அப்படியே அலமாரிக்குப் போயிருக்கும். உடைந்த வண்டியைவிட ஓடாமல் கிடந்த வண்டியை மீட்பது எளிது.

கையில் ஒன்றும் இல்லாதவர்கள் என்ன செய்வது? கிராஸ்ஹாப்பரோ ஹார்னெட்டோ வாங்குங்கள் என்பேன். டமியா பழைய வண்டிகளை மறுபடியும் அச்சில் ஊற்றி விற்கத் தொடங்கிவிட்டது. ஹார்னெட் 2004இலும் கிராஸ்ஹாப்பர் 2005இலும் திரும்ப வந்தன. ஹாட்ஷாட் 2007இல், சாண்ட் ஸ்கார்ச்சர் 2010இல். டீம் அசோசியேட்டட்டும் ஆர்சி10ஐ 2013இல் மறுபடியும் விட்டது. மறுவெளியீடு என்றால் அசல் இல்லையே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. மறுவெளியீட்டின் பாகங்களில் பெரும்பாலானவை பழைய வண்டியில் அப்படியே உட்காரும். உடைந்தால் மாற்று உண்டு என்ற தைரியம் இருப்பதால்தான் 1984ஆம் வருடத்து வண்டியை இன்றைக்கு மேட்டில் ஏற்றித் தாவ விட முடிகிறது. முள் டயரோடும் சஸ்பென்ஷனோடும் செய்யப்பட்ட வண்டியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதில் எனக்குத் திருப்தி இல்லை. ஒரே விதிவிலக்கு, பூட்டப்படாமல் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும் பழைய கிட். அது கிடைத்தால் அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிப்பதற்கு முன்னால்

செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் எந்த நீளம், எந்த ஓட்டையில் இருந்தது என்பது பிறகு நினைவிருக்காது. நீளமான ஸ்க்ரூவைத் தவறான ஓட்டையில் முடுக்கினால் உள்ளே இருக்கும் கியரைத் தொட்டுவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கிண்ணம் வையுங்கள்.

அடுத்தது திருப்புளி. ஜப்பான் வண்டிகளில் இருக்கும் கூட்டல் குறித் தலை ஸ்க்ரூ, நாம் சாதாரணமாக வைத்திருக்கும் பிலிப்ஸ் திருப்புளிக்கு ஏற்றதில்லை. அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவு. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை அதில் முழுக்க அடியில் போய் உட்காராது, பலம் கொடுக்கும்போது நழுவித் தலையை வழித்துவிடும். நாற்பது வருடத் துருவோடு இருக்கும் ஸ்க்ரூவின் தலை வழிந்துவிட்டால் அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். பழைய ஜப்பான் பைக் வேலை செய்யும் மெக்கானிக்குகளிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பிளாஸ்டிக் வேலை

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பழைய வண்டியைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுக்கிறார்கள். வண்டியில் இருப்பது ஒரே பிளாஸ்டிக் இல்லை, குறைந்தது மூன்று வகை இருக்கும். சேஸியும், கிராஸ்ஹாப்பர் மாதிரி கெட்டியான பாடியும் ஏபிஎஸ் போன்ற கடினமான பிளாஸ்டிக். சஸ்பென்ஷன் கைகளும் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் பாகங்கள்) சில கியர்களும் நைலான். ஹார்னெட்டின் மெல்லிய பாடி பாலிகார்பனேட்.

நைலானுக்கு ஈரம் வேண்டும். காற்றில் இருக்கும் ஈரப்பதத்தைக் கொஞ்சம் உள்ளே வைத்திருப்பதால்தான் அது வளைந்து கொடுக்கிறது. வருடக்கணக்காக வறண்ட இடத்தில் கிடந்தால் காய்ந்து, தட்டினால் பீங்கான் மாதிரி ஒலிக்கும், முதல் இடியிலேயே உடையும். இதற்கு மருந்து வெந்நீர். பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட்டு, நைலான் கைகளை அதில் போட்டு, தண்ணீர் தானாக ஆறும் வரை விட்டுவிடுங்கள். எடுத்து வளைத்துப் பார்த்தால் வித்தியாசம் கைக்கே தெரியும். முன்பு கரகரவென்று எதிர்த்த நைலான் கை, இப்போது கொஞ்சம் குழைந்து வளைந்து திரும்பி வரும். ஏபிஎஸ் பாகங்களை இப்படிக் கொதிநீரில் போடாதீர்கள், கோணிப் போகும். எது நைலான் என்று தெரியவில்லையென்றால் பாகத்தின் மறைவான விளிம்பைப் பாருங்கள். நைலான் கொஞ்சம் மெழுகு மாதிரி வழுவழுப்பாக இருக்கும், ஏபிஎஸ் உலர்ந்த பளபளப்போடு இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் போட வேண்டாம்.

ஆர்சி10இன் வெள்ளை நைலான் கைகளை அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் துணிச்சாயத்தில் போட்டுக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நைலானில் சரியாகப் பிடிக்காது. நைலானுக்கு ஆசிட் டை கேளுங்கள். சாயக்கடைக்காரர் நீங்கள் எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொன்னதும் புரிந்துகொள்வார்.

மஞ்சளாகிப் போன வெள்ளை பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு வெளுக்கும். அழகு நிலையங்களுக்கு விற்கும் 12 சதவீத கிரீமை வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு, பாகத்தின் மேல் சீராகப் பூசி, தெளிவான பாலிதீன் தாளில் சுற்றி வெயிலில் வையுங்கள். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்தான் பாதி வேலையைச் செய்கிறது. நடுநடுவே திருப்பிவைத்து, கிரீம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்த இடம் திட்டுத்திட்டாக வெளுக்கும். கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய பாகங்கள் அதில் வளைந்தே விடும், அதனால் காலை வெயில் போதும். கண்ணில் படாமல் கவனம்.

பாலிகார்பனேட் பாடிக்கு ஒரே விதி: தின்னர், பெட்ரோல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பட்ட இடத்தில் நுணுக்கமாக வெடிப்பு விழும். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். இந்தப் பாடிக்கு வண்ணம் உட்புறத்தில்தான் அடிக்க வேண்டும், அதுவும் பாலிகார்பனேட்டுக்கென்றே வரும் பெயின்ட். வெளியே அடித்தால் முதல் உருளலிலேயே உரிந்துவிடும்.

மின்சாரப் பகுதி

பழைய வண்டியைத் திறந்தால் பலரும் விழிப்பது வேகக் கட்டுப்பாட்டைப் பார்த்துத்தான். இன்றைக்கு இருக்கும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் அதில் இருக்காது. ஒரு சர்வோ, அதன் கையில் ஒரு செம்புத் துடைப்பான், கீழே வட்டமாக நாலைந்து உலோகப் புள்ளிகள். ரிமோட்டில் நீங்கள் விசையை அழுத்தினால் சர்வோ திரும்பும், துடைப்பான் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நகரும். முதல் புள்ளியில் மின்சாரம் ஒரு பீங்கான் ரெசிஸ்டர் வழியாகப் போகும், மோட்டார் மெதுவாகச் சுற்றும், மிச்ச மின்சாரம் ரெசிஸ்டரில் சூடாக வீணாகும். கடைசிப் புள்ளியில் பேட்டரி நேரடியாக மோட்டாருக்கு. நடுவில் மென்மையாக வேகம் கூட்ட வழியில்லை. மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் ரெசிஸ்டர் தொட்ட விரலைச் சுட்டுவிடும். அந்தப் புள்ளிகளில் கரி படிந்திருந்தால் நைஸ் எமரித் தாளால் தேய்த்து எடுத்தால் மறுபடியும் வேலை செய்யும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருதடவை ஓட்டிப் பாருங்கள், பார்க்கவே நன்றாக இருக்கும். பிறகு கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் போடுங்கள். பிரஷ் மோட்டாருக்கானதா (உள்ளே கரித் துண்டுகள் உரசி ஓடும் பழைய வகை) என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டையும் அப்படியே ஒதுக்குங்கள். அதில் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் ஒன்றை ஆளுக்கொன்றாகச் செருக வேண்டும், பக்கத்தில் இருப்பவரும் அதே கிரிஸ்டல் வைத்திருந்தால் உங்கள் வண்டி அவர் கைக்குப் போய்விடும். இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் அந்தத் தொல்லை இல்லை. விண்டேஜ் பந்தயங்களிலும் எலக்ட்ரானிக்ஸ் புதிதாக இருப்பதைப் பொதுவாக அனுமதிக்கிறார்கள். சேஸியும் கியர் பாக்ஸும் சஸ்பென்ஷனும் அந்தக் காலத்து வடிவமாக இருந்தால் போதும் என்பது நியாயமான ஏற்பாடு.

மோட்டார் விஷயம் எளிது. கிராஸ்ஹாப்பரோடு வந்தது 380 என்ற சின்ன மோட்டார், ஹார்னெட்டோடு வந்தது 540. வெள்ளி நிற டப்பா மாதிரி இருக்கும் அந்த 540இல் பிரஷ் தேய்ந்தால் மாற்ற முடியாது, டப்பாவை மடித்து மூடியிருப்பார்கள். புது மோட்டார் விலை குறைவுதான், மாற்றிவிடுங்கள்.

பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி ஊறிப் பூத்துப்போயிருந்தால் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். காட்மியம் விஷம், மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான் சரி. லித்தியம் பாலிமர் வேகம் தரும், எடை குறைவு, ஆனால் அதற்கு ஒழுக்கம் வேண்டும்: அதற்கான சார்ஜரில் மட்டுமே ஏற்ற வேண்டும், ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது, உப்பினால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போகவே கூடாது. அப்புறம், பழைய வண்டிகளில் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் இணைப்பான் அதிக மின்சாரத்தில் உருகும். எக்ஸ்டி60 மாதிரி ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொள்ளுங்கள்.

லேத் பட்டறை

இங்கேதான் கொங்கு நாட்டில் இருப்பதன் பலன் தெரியும். கோவையில் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் எந்தத் தெருவில் திரும்பினாலும் லேத் ஓடும் சத்தம் கேட்கும். கடையில் கிடைக்காத பின் ஆக்சில், வளைந்துபோன ஷாக் தண்டு, சேஸிக்கு ஒரு ஸ்பேசர், எல்லாம் அரை நாள் வேலை. ஆனால் வாயால் சொல்லிப் புரியவைக்கப் பார்க்காதீர்கள். பழைய பாகத்தையே சாம்பிளாகக் கொண்டுபோங்கள்.

நான் போகும் பட்டறையில் மாஸ்டர் முதல்முறை கிராஸ்ஹாப்பரின் ஆக்சிலைக் கையில் வாங்கி, வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, பேரிங் உக்கார்ற எடத்துல எவ்வளவு டாலரன்ஸ் விடணும்?" என்றுதான் கேட்டார். "பேரிங்கே கொண்டாந்திருக்கேனுங்கண்ணா, போட்டுப் பாத்துக்கலாமுங்க" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. வேலை எப்போதும் இப்படித்தான் நடக்க வேண்டும், பாகமும் அது சேரும் இடமும் இரண்டும் பட்டறை மேசையில் இருக்க வேண்டும்.

பேரிங் என்றதும் சொல்லிவிடுகிறேன். பழைய கிட்களில் பேரிங்குக்குப் பதிலாக பிளாஸ்டிக் அல்லது வெண்கலப் புஷ், அதாவது குண்டு இல்லாத வெறும் வளையம்தான் வரும். மண் புகுந்தால் அது ஆக்சிலையே அரித்துவிடும். டமியா வண்டிகளில் அதிகம் இருப்பது 5 மில்லிமீட்டர் உள்விட்டம், 11 வெளிவிட்டம், 4 தடிமன். பேரிங் கடையில் இந்த அளவைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். இருபுறமும் மூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். காசுக்கு ஏற்ற பலன் தரும் முதல் மாற்றம் இதுதான். வண்டி சுலபமாக உருளும், பேட்டரியும் நீண்ட நேரம் வரும்.

கியர் பல்லில் மட்டும் அவசரப்படாதீர்கள். பல்லின் அளவைச் சொல்வது மாட்யூல் அல்லது பிட்ச். டமியாவில் மாட்யூல் 0.6உம் உண்டு, 0.8உம் உண்டு. அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் 48 பிட்ச். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றோடொன்று சேராது, ஒரே நிமிடத்தில் பல்லைத் தின்றுவிடும். மோட்டாரை நகர்த்திப் பூட்டும் வண்டிகளில் இரண்டு பல்லுக்கும் நடுவே நோட்டுப் புத்தகத் தாள் துண்டு ஒன்றை விட்டு, மோட்டாரை நெருக்கி முடுக்கி, பிறகு தாளை உருட்டி எடுங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்து வந்தால் இடைவெளி சரி.

சஸ்பென்ஷன் என்ன செய்கிறது

பழைய வண்டியில் ஓட்டக் கற்றுக்கொள்வது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தப் பகுதி. புது வண்டிகளில் எல்லாமே சரியாக இருப்பதால் எது என்ன செய்கிறது என்று தெரியாது. கிராஸ்ஹாப்பரில் எல்லாம் கண்முன்னே நடக்கும். அதன் பின்பக்கத்தில் கியர் பாக்ஸ், மோட்டார், ஆக்சில் மூன்றும் ஒரே கட்டியாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் முழுக் கட்டியும் சாய்ந்து, மறுபக்கச் சக்கரமும் பிடியை இழக்கும். அதோடு, பின் ஷாக்கில் ஸ்பிரிங் இருக்கிறது, எண்ணெய் இல்லை. ஸ்பிரிங் அடியை வாங்கிச் சேர்த்து வைத்து அப்படியே திருப்பித் தரும். அதை மெதுவாக விடச் செய்வது எண்ணெய்தான். ஷாக்கில் எண்ணெய் தீர்ந்த மொபெட் வேகத்தடை தாண்டினதும் எப்படி நாலு தடவை குதிக்குமோ, அப்படித்தான் கிராஸ்ஹாப்பரும் வரப்பில் ஏறி இறங்கிக் குதித்துக்கொண்டே போகும்.

ஆர்சி10இல் நான்கு சக்கரமும் தனித்தனிக் கையில். மோட்டாரின் எடை சேஸியோடு நிற்கிறது, சக்கரத்தோடு ஆடுவதில்லை. ஷாக் தண்டின் முனையில் துளையிட்ட ஒரு தட்டு எண்ணெய்க்குள் போய்வரும், துளை வழியாக எண்ணெய் நெருக்கிப் போக வேண்டியிருப்பதால் வேகம் அடங்கும். இரண்டையும் ஒரே மேட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தால் சஸ்பென்ஷன் பற்றி நான் எழுதியது எல்லாம் பத்து நொடியில் விளங்கிவிடும்.

எண்ணெய் ஷாக் மாற்றுபவர்கள் சிலிக்கான் எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் சூடேறினால் இளகிவிடும், உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தையும் ஊத வைக்கலாம். எண்ணெய் ஊற்றியதும் தண்டை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, பிறகு மூடுங்கள்.

மண்ணும் டிராக்கும்

கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில், கார் பந்தயக்காரர் கரிவரதன் பெயரில் காரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்க்காரர்தான். கார் பந்தயம் எங்கள் பக்கத்தில் வீட்டில் பேசும் விஷயம். ஆர்சி வண்டிக்கு அவ்வளவு பெரிய இடம் தேவையில்லை. அறுவடை முடிந்த காடு, பயன்படாத களத்து ஓரம், தென்னந்தோப்பில் கொஞ்சம் வெட்டவெளி, இதில் ஏதாவது ஒன்று போதும். தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கோழியும் ஆடும் திரியும் இடத்தில் முதலில் அவற்றை ஓரம் கட்டச் சொல்லுங்கள்.

மண் முக்கியம். செம்மண்ணில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கினால் நல்ல பிடி கிடைக்கும், காய்ந்தால் மேலே தூசியும் சரளையும் மிஞ்சிச் சக்கரம் வழுக்கும். அதற்குக் குட்டையான முள் டயர். கரிசல் காய்ந்தால் வெடித்துவிடும், நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். அதில் டிராக் போட வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கத்தில் கிடைக்கும் தேங்காய் நார்த்தூளைச் செம்மண்ணோடு கலந்தால் ஈரம் சீக்கிரம் போகாது. பாதையின் இருபுறமும் எல்லைக்குப் பழைய சொட்டுநீர்க் குழாயை முளையடித்துப் போடுங்கள். வண்டி மோதினாலும் உடையாது, தோட்டத்தில் எப்படியும் ஒரு சுருள் கிடக்கும். மூன்று மீட்டர் அகலம் விட்டால் இரண்டு வண்டி தாராளமாகப் பக்கத்தில் போகலாம். ஆடி மாதத்தில் பல்லடம், உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது தாவும் மேட்டைக் காற்றுக்கு நேராக வையுங்கள். குறுக்கே வைத்தால் ஒன்றரைக் கிலோ வண்டியை அந்தரத்தில் ஒருபக்கமாகத் தள்ளிவிடும்.

ஓட்டத்தில் முதல் தடுமாற்றம் எல்லோருக்கும் ஒன்றுதான். வண்டி உங்களை விட்டுப் போகும்போது வலது வலதுதான், உங்களை நோக்கி வரும்போது இடம் வலமாகிவிடும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஓட்டுங்கள் என்பார்கள். நல்ல யோசனை, ஆனால் நினைத்தால் மட்டும் வராது. இரண்டு செங்கலை வைத்து அதைச் சுற்றி எட்டுப் போட்டுக்கொண்டே இருங்கள், கை தானாகப் பழகும். மேட்டில் தாவும்போது அந்தரத்தில் விசையை அழுத்தினால் மூக்கு மேலே தூக்கும், பிரேக் போட்டால் மூக்கு இறங்கும். சக்கரத்தின் சுழற்சி வேகம் மாறும்போது அது சேஸியை எதிர்ப்பக்கம் திருப்புவதால் அப்படி. பழைய வண்டிகளில் வளைவில் விசையை முழுக்க அழுத்தினால் பின்பக்கம் சுற்றிக்கொள்ளும். வளைவுக்கு முன்னாலேயே விட்டு, நடுவில் கொஞ்சம் கொடுத்து, நேரானபின் முழுக்கக் கொடுங்கள்.

பந்தயம் வழக்கமாக ஐந்து நிமிட ஓட்டங்களாக நடக்கும். அந்தக் காலத்துப் பேட்டரி 1,200 மில்லி ஆம்பியர் மணி. ஐந்து நிமிடத்தில் அது முழுக்கத் தீர வேண்டுமென்றால் சராசரியாக 14.4 ஆம்பியர் இழுக்கலாம். அதற்கு மேல் இழுப்பவர் கடைசிச் சுற்றில் நின்றுபோவார். அதனால் வேகமாக ஓட்டுவதோடு சிக்கனமாக ஓட்டவும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய பேட்டரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஐந்து நிமிடம் மட்டும் நிலைத்துவிட்டது. முதலில் தகுதி ஓட்டங்கள், அதில் வந்த நேரத்தைப் பார்த்து ஏ, பி, சி என்று இறுதி ஓட்டங்கள். உங்கள் ஓட்டம் முடிந்ததும் அடுத்த ஓட்டத்துக்கு நீங்கள் மார்ஷல்: டிராக் ஓரத்தில் நின்று கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்திவிட வேண்டும். இதைத் தட்டிக்கழிப்பவர்களை யாரும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள். விண்டேஜ் பிரிவில் எல்லோருக்கும் ஒரே மோட்டார் என்று வைத்துக்கொண்டால் போட்டி நன்றாக இருக்கும். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து தொடங்குவதாக இருந்தால் எல்லோரும் 540 வெள்ளி மோட்டாரில் நில்லுங்கள். இதில் யாராவது விட்டுக்கொடுத்தால் அடுத்த மாதமே பணம் இருப்பவர் மட்டும் ஜெயிக்கும் பந்தயமாகிவிடும்.

ஓட்டம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டுங்கள். சைக்கிள் கடையில் காற்றடிக்கும் குழாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இடுக்குகளை ஊதலாம், பேரிங்குக்குள் நேராக அடிக்க வேண்டாம். மோட்டார் ஆறும்வரை அடுத்த பேட்டரியைப் போடாதீர்கள். பின்சக்கர நட்டு, சர்வோவின் கை ஸ்க்ரூ இரண்டும் தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொருமுறையும் பாருங்கள், மண்ணில் தேடி அலைய வேண்டியிருக்காது. முன் பம்பரும் முன் கைகளும்தான் முதலில் உடையும். உதிரிப் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர நாளாகும், வரியும் உண்டு. அதனால் முதல் ஆர்டரிலேயே அவற்றில் ஒரு ஜோடி கூடுதலாகப் போட்டுவிடுங்கள்.